முந்தின நாள் பதினொரு மணி

மார்ச் 4

தம்பிக்கு,

இரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கக் கை வரவில்லை. நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். உன் வீட்டுக்காரி ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள். நீ குளிக்கப் போன நேரம் பார்த்துக் குரலை இறக்கிப் பேசினாள். தேயிலைத் தொழிற்சாலைக்கு ஏறுகிற படிக்கட்டில் நடுவே இரண்டு தடவை நின்றுவிடுகிறாயாம். நெஞ்சில் யாரோ கையை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்றாயாம். அங்கே டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை மூன்று வாரம் சட்டைப் பையில் சுமந்து, கடைசியில் சட்டையோடு சேர்த்துத் துவைக்கப் போட்டுவிட்டாயாம்.

அவளைத் திட்டாதே. திட்டினாய் என்று காதில் விழுந்தால் நானே பஸ் ஏறி வந்துவிடுவேன். அவள் டாக்டரிடம் போய் இன்னொரு சீட்டு வாங்கி எனக்கு அனுப்பிவிட்டாள்.

அப்பா போனபோது அவருக்கு ஐம்பத்தைந்து. உனக்கு இந்த வருடம் ஐம்பத்து நாலு முடிகிறது. அவரும் கடைசி வரை வாயுப் பிடிப்பு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். மேலே எழுதப் பிடிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அணு மருத்துவப் பிரிவில் உனக்கு இதய ஸ்கேன். பெயர்தான் பெரிசு, பயப்படாதே. கையில் ஒரு ஊசி. அந்த மருந்து ரத்தத்தோடு போய், இதயத்தில் எந்தப் பக்கம் ரத்தம் ஒழுங்காகப் பாய்கிறது, எந்தப் பக்கம் பாயவில்லை என்று கேமராவுக்குக் காட்டிக் கொடுக்கும். மற்றவர்களை ஓடும் பட்டையில், அதுதான் டிரெட்மில்லில், நடக்கவிட்டு இரண்டாம் தடவை படம் எடுப்பார்கள். உன் முழங்கால் லட்சணத்துக்கு அது ஆகாது. அதற்குப் பதில் ரத்தக் குழாயை விரிக்கிற இன்னொரு ஊசி. அந்த ஊசிக்கும் டீ காபிக்கும் ஆகவே ஆகாது. முந்தின நாள் காலையிலிருந்து இரண்டையும் நிறுத்த வேண்டும்.

உன் தேதி மார்ச் 27, வியாழன், காலை எட்டரை. இதைவிட முன்னால் இல்லை. வரிசைப்படி எது வந்ததோ அதைத்தான் கொடுத்திருக்கிறேன். இதற்கும் சேர்த்து என்மேல் கோபப்பட வேண்டுமானால் பட்டுக்கொள். ஆனால் வந்துவிட்டுக் கோபப்படு.

அறிவுரைத் தாள் இணைத்திருக்கிறேன். துவைக்காதே.

அக்கா


மார்ச் 11

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. தாளும் கிடைத்தது. உன் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் என் வீட்டுக்காரி சமையலறைக்குள் ஓடி ஒளிந்துகொண்டாள். நான் திட்டவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

எனக்கு ஒன்றும் இல்லை. நூற்றுப் பத்துப் படி. இந்த ஊரில் அதை ஏறி மூச்சு வாங்காதது ஆடு மட்டும்தான். இருந்தாலும் வருகிறேன். நீ சொன்னதற்காக இல்லை. வராவிட்டால் இவள் சோறு போடுவாளா என்பது சந்தேகமாக இருக்கிறது.

வரிசைப்படி என்று அழுத்தி எழுதியிருக்கிறாய். நீ வரிசைக்குப் பிறந்தவள் என்பது எனக்குத் தெரியாதா? அம்மாவையே அவள் கடைசிக் காலத்தில் ஸ்கேனுக்குப் பதினோரு நாள் வரிசையில் நிற்க வைத்தவள். நான் அன்றைக்குச் சொன்னதையெல்லாம் திரும்பச் சொல்ல வரவில்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

நேரே ஆஸ்பத்திரிக்கு வருவேன், நேரே திரும்புவேன். ராத்திரி பஸ்ஸில் தூங்கிக்கொள்வேன். உன் வீட்டில் தங்கவில்லை. நீ போன் செய்யவும் வேண்டாம். போனில் பேசினால் நமக்குள் எது நடக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். போன தடவை நான்தான் பாதியில் வைத்தேன், இந்தத் தடவை நீ வைப்பாய், கணக்குச் சரியாகிவிடும், எதற்கு?

ஒன்று மட்டும் கேட்கிறேன். இந்த ஸ்கேனில் ஏதாவது தெரிந்தால் மாத்திரை கொடுப்பார்களா? எந்த மாதிரி மாத்திரை? எனக்கு முன்னால் இங்கே டீயை ருசி பார்த்துத் தரம் சொல்கிற தலைமை டேஸ்டராக இருந்தவருக்கு நெஞ்சு வலிக்கு என்னமோ கொடுத்தார்கள். மூன்றே மாதத்தில் நாக்கில் இரும்பு ருசி தவிர வேறு எதுவும் தங்கவில்லை. கடைசி வருடங்களில் மனிதர் கிடங்கில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார்.

தம்பி


மார்ச் 15

தம்பிக்கு,

மாத்திரையைப் பற்றி டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். நான் தேதி கொடுக்கிறவள். ஆனால் நாக்கு உயிரோடு இருக்க, ஆள் உயிரோடு இருக்க வேண்டும் என்பது எனக்கே தெரிகிறது.

போன் வேண்டாம் என்றாய். சரி. ஒன்றைத் தெரிந்துகொள். எங்கள் பிரிவில் ஒரு நாளைக்குப் பதினான்கு பேர். முந்தின நாள் காலை பதினொரு மணிக்கு உட்கார்ந்து பதினான்கு பேரையும் நானே கூப்பிடுவேன். வருகிறீர்களா, எதைச் சாப்பிட்டீர்கள், டீ காபி உண்டா, கூட யார் வருகிறார்கள் என்று கேட்பேன். "இல்லீங்க" என்று சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன இழுவை வரும். அந்த இழுவையை வைத்தே யார் காலையில் காபி குடித்தார்கள் என்று சொல்லிவிடுவேன்.

இது ஏன் என்றால், அந்த மருந்து காத்திருக்காது. விடிகாலையில் ஈயப் பெட்டியில் வருகிறது, ஒவ்வொரு ஊசியிலும் ஒருவர் பெயர். ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும், அடுத்த ஆறு மணி நேரத்தில் அதிலும் பாதி. எடுத்து வைத்து நாளைக்குப் போடலாம் என்கிற பேச்சே இல்லை. நான் போனில் கெஞ்சுவது அதற்காகத்தான்.

உனக்கு வேண்டாம் என்றால் வேண்டாம். தாளைக் கவனமாகப் படி.

அக்கா


மார்ச் 28

தம்பிக்கு,

நேற்று முழுக்க எழுதவில்லை. எழுதியிருந்தால் தாள் எரிந்திருக்கும்.

நீ எட்டேகாலுக்கே வந்துவிட்டாய். தலை நரைத்துவிட்டது உனக்கு. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம். "உட்காருங்க, கூப்பிடுவாங்க" என்றேன். என் கூடப் பிறந்தவனை "ங்க" போட்டுப் பேசினேன். நீயும் "சரிங்க" என்றாய். பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்மணிக்கு நாம் யார் என்று தெரிந்திருந்தால் சிரித்திருப்பாள்.

நர்ஸ் உன்னிடம் டீ, காபி குடித்தீர்களா என்று கேட்டாள். ஒரு சொட்டு இல்லை என்றாய். அத்தோடு வாயை மூடியிருந்தாலாவது பரவாயில்லை. (இல்லை, மூடியிருக்கக் கூடாதுதான். கோபத்தில் எழுதுகிறேன்.) பெருமை தாங்காமல், "நேத்து நூத்தி எண்பது கப் ருசி பார்த்தேன் சிஸ்டர், ஒரு சொட்டு தொண்டைக்குள்ள இறங்கல, அத்தனையும் துப்பிட்டேன். அதுதான் எங்க தொழில்" என்று சொல்லியிருக்கிறாய்! அவள் ஊசித் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டாள். டாக்டர் வந்தார். நூற்றெண்பது தடவை துப்பினால் எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. இன்று வேண்டாம், தப்பான படம் வந்தால் தப்பான முடிவு வரும் என்று நிறுத்திவிட்டார்.

அம்மா சொல்வாளே, உலகத்திலேயே துப்பிச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் என் மகன்தான் என்று. நேற்று அந்தச் சம்பளம் என் தலையில் விடிந்தது. உன் பெயர் எழுதின ஊசி மேசையில் இருந்தது. வேறு யாருக்காவது பயன்படுமா என்று காலி இட நோட்டை எடுத்து ஒன்பது பேரைக் கூப்பிட்டேன். காலை ஒன்பது மணிக்கு, நேற்றிலிருந்து டீ குடிக்காத மனிதன் இந்த ஊரில் எங்கே கிடைப்பான்? சாயந்திரம் வரைக்கும் அந்த ஊசி ஈயப் பெட்டிக்குள் தானாகக் குறைந்துகொண்டிருந்தது.

நீ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாய். நான் எழுந்து வரவில்லை.

திட்டியாகிவிட்டது. இனி உண்மையைச் சொல்கிறேன். புதன்கிழமை பதினொரு மணிக்குப் பதின்மூன்று பேரைக் கூப்பிட்டேன். பதினான்காவது உன் நம்பர். விரல் வரைக்கும் வந்தது. அவன்தான் வேண்டாம் என்றானே, நான் ஏன் இறங்கிப் போக வேண்டும் என்று வைத்துவிட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் அந்த போனைத் தவறவிட்டது அன்று ஒருநாள்தான், அதுவும் ரோஷத்தால். கூப்பிட்டிருந்தால் "டீ?" என்று கேட்டிருப்பேன். நீ "குடிக்கல" என்றிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? "ருசி பார்த்தியா?" என்று அடுத்த கேள்வி கேட்டிருப்பேன். டீ டேஸ்டரிடம் அதைக் கேட்க வேண்டும் என்று உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தோன்றியிருக்கும். பிரிவுத் தலைவரிடம் என் தவறு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த தேதி மே 2, வெள்ளி. இன்னும் ஐந்து வாரம். இந்த ஐந்து வாரமும் அந்தப் படிக்கட்டில் நீ எங்கே நிற்கிறாயோ என்றுதான் எனக்கு நினைப்பாக இருக்கும். ஜீப்பில் ஏறிப் போ. கௌரவம் பார்க்காதே.

அக்கா


ஏப்ரல் 3

அக்காவுக்கு,

ஜீப்பில்தான் போகிறேன். தொழிற்சாலையில் எல்லாரும் என்னை ஏதோ முதலாளி மாதிரி பார்க்கிறார்கள்.

டீயைப் பற்றி எனக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, கேள். ஒரு கரண்டி வாயில் இழுத்து, நாக்கு முழுக்கப் படவிட்டு, துப்பிவிடுவோம். முப்பது வருடமாக அதைக் குடிப்பது என்று நாங்கள் யாரும் சொல்வதில்லை. குடிப்பது என்றால் நாலு மணிக்கு என் வீட்டுக்காரி போடுகிற டீ. அதை நிறுத்தினேன். அந்த ஒரு டம்ளரை நிறுத்தியதற்கே எனக்குத் தலை வலித்தது. நான் ஏமாற்றவில்லை. உனக்குத் தலைக்குனிவு ஆகிவிட்டது, அதற்கு மன்னித்துக்கொள்.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. நான் நேற்றே எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

அன்றைக்குக் கிளம்பும்போது, உங்கள் கேமரா அறையில் ஒரு டெக்னீசியன் இருக்கிறாரே, வழுக்கைத் தலை, அவர் என்னோடு வெளியே வரை வந்தார். நான் உன் தம்பி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. சமாதானம் சொல்வதற்காகத்தான் பேசினார். "விடுங்க சார், மனசுல வச்சுக்காதீங்க. உங்க வீட்டுக்கே இது ராசி போல இருக்கு. உங்க அம்மாவுக்கும் இப்படித்தான் ஒரு தடவை மருந்து வந்து காத்திருந்துச்சு, அவங்க வரல. அன்னைக்கு உங்க அக்கா அந்த மருந்து லாக்கர் பக்கம் போய் நின்னு அழுதாங்க" என்றார்.

நான் தலையாட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். பஸ் பாதி மலை ஏறியபிறகுதான் அது எனக்கு உறைத்தது.

அம்மாவுக்கு நீ கொடுத்த தேதி ஜூலை 25. அன்றைக்கு அவள் வந்தாள், ஸ்கேன் நடந்தது. எனக்குத் தெரியும். அப்படியென்றால் அவள் வராத நாள் எது? அவளுக்கு இரண்டு தேதி இருந்ததா? பதினோரு நாள் நீ அவளைச் சும்மா உட்கார வைத்திருந்தாய் என்றுதானே நான் இரண்டு வருடமாக உன்னோடு பேசாமல் இருக்கிறேன்?

மழுப்பாமல் எழுது. நீ மழுப்பினால் எனக்குத் தெரிந்துவிடும். உனக்கு இழுவை என்றால் எனக்கு உன் கையெழுத்து.

தம்பி


ஏப்ரல் 8

தம்பிக்கு,

கேமராக்காரருக்கு வாய் நிற்காது. நேற்று அவரைப் பிடித்து நன்றாகக் கொடுத்தேன். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

இதை உன்னிடம் சொல்வதே இல்லை என்று இருந்தேன். கேட்டுவிட்டாய். மழுப்பவில்லை.

எங்களிடம் ஒரு காலி இட நோட்டு உண்டு. யாராவது வரவில்லை என்று முந்தின நாள் சொன்னால், அந்த இடத்தை நோட்டில் இருப்பவர்களுக்கு வரிசையாகக் கேட்டுக் கொடுப்போம். டாக்டர் அம்மாவுக்கு எலும்பு ஸ்கேன் எழுதிய அன்றே அவள் பெயரை அதில் எழுதிவிட்டேன். ஏழாவது பெயர். ஜூலை 18 மத்தியானம் ஒரு இடம் காலியானது. முன்னால் இருந்த ஆறு பேரில் நாலு பேருக்கு அதற்குள் ஸ்கேன் முடிந்திருந்தது, இரண்டு பேரால் வர முடியவில்லை. அடுத்தது அம்மா. நான் யாரையும் தள்ளவில்லை. அவள் முறை நேர்மையாகவே வந்தது. நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உனக்குத் தெரியாது. மறுநாள், ஜூலை 19, காலை ஒன்பதுக்கு வர வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். சரி என்றாள்.

அன்று ராத்திரி நீ போன் செய்து, நாளைக்கு வருகிறேன் என்றாய்.

காலையில் நான் ஆறு மணிக்கே வேலைக்கு வந்துவிட்டேன். ஒன்பதுக்கு அவளை அழைத்து வரச் சொல்லி அனுப்பிய கார் காலியாகத் திரும்பி வந்தது. போன் செய்தேன். "அவன் மலையிலேர்ந்து ஆறு மணி நேரம் பஸ்ல குலுங்கிக்கிட்டு வரான். வந்து கதவைத் தட்டினா வீட்டுல யாரும் இருக்க வேணாமா? ஊசி போட்டு மூணு மணி நேரம் உட்கார வச்சு, அப்புறம் படம்னு சாயங்காலம் ஆக்கிடுவீங்க. இன்னொரு நாள் பார்த்துக்கலாம் போடி" என்றாள். கெஞ்சினேன். திட்டினேன். அம்மாவின் பிடிவாதம்தான் உனக்கும் எனக்கும் வந்திருக்கிறது, உனக்கே தெரியும். மருந்து அவள் பெயரோடு மேசையில் இருந்தது. நோட்டில் நானே எழுதினேன், "வரவில்லை" என்று.

சாயந்திரம் நான் வீட்டுக்குப் போனபோது வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நீ ஐந்து மணிக்கு போன் செய்து, சாலையில் மண் சரிந்துவிட்டது, வர முடியவில்லை என்றாய். "பாவம், அவன் என்ன பண்ணுவான்" என்று நாற்காலியை எடுத்து உள்ளே போட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

இப்போது நான் எழுதுவதை நன்றாகப் படி. அந்த ஆறு நாளால் எதுவும் மாறியிருக்காது. நான் டாக்டரிடம் மூன்று தடவை, மூன்று வெவ்வேறு நாளில் கேட்டேன். அதற்கு முன்பே எலும்பு முழுக்கப் பரவியிருந்தது. ஜூலை 19 இல்லை, ஜூன் 19 என்றாலும் அதே பதில்தான் என்றார். இதை உனக்கு ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. எனக்கே அந்தப் பதில் வேண்டியிருந்தது.

அம்மா போன பத்தாம் நாள் நீ போனில், "ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் தேதி குடுக்கிற, பெத்தவளுக்குக் குடுக்க உனக்கு மனசு வரலையா" என்று கேட்டாய். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. என்மேல் கோபம் இருந்தால் நீ தாங்கிக்கொள்வாய். உன்மேலேயே கோபம் வந்தால் தாங்க மாட்டாய். அந்த மலையில் தனியாக உட்கார்ந்து நீ அதை மென்றுகொண்டிருப்பதைவிட என்னைத் திட்டிக்கொண்டிருப்பது மேல் என்று தோன்றியது. அதன்பிறகு ஒன்பது தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. அதிலும் கொஞ்சம் கோபம் இருக்கிறது எனக்கு. அதை மறைக்க மாட்டேன்.

மே 2-ஐ மறந்துவிடாதே. என்னால் இனி நோட்டில் நம் வீட்டுப் பெயருக்கு நேரே அந்த வார்த்தையை எழுத முடியாது.

அக்கா


ஏப்ரல் 17

அக்கா,

ஒரு வாரம் ஆகிவிட்டது. கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். துவைக்கவில்லை.

ஜூலை 19 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மண் சரியவில்லை, அக்கா. மறுநாள் தேயிலை ஏலம். சாயந்திரத்துக்குள் இருநூற்று நாற்பது மாதிரி ருசி பார்த்து முடிக்க வேண்டும் என்றார் மேனேஜர். நான் இல்லாவிட்டால் இன்னொருவர் பார்த்திருப்பார். என் நாக்கு இல்லாமல் இந்தத் தொழிற்சாலை ஓடாது என்று எனக்கு ஒரு நினைப்பு. அம்மாவிடம் வேலை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, அதனால் மண் சரிந்தது என்றேன். அவள் நாற்காலி போட்டுக் காத்திருப்பாள் என்று நினைக்கவே இல்லை.

உன்னை என்னவெல்லாம் பேசிவிட்டேன். நீ இரண்டு வருடம் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாய். எனக்கு எழுதத் தெரியவில்லை. நேரில் காலில் விழலாம் என்றால் முழங்கால் மடங்காது. இப்படியே எடுத்துக்கொள்.

அந்த மாத்திரைப் பயத்தைப் பற்றி முதலில் எழுதினேன் இல்லையா? அதுதான் உண்மையான காரணம். அதனால்தான் சீட்டைத் துவைத்தேன். நாக்கு போய்விட்டால் நான் யார் என்று பயம். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நாக்குக்காக ஒரு தடவை வராமல் இருந்தது போதும்.

மே மாதம் முதல் இரண்டு நாளும் பெரிய ஏலம். அதற்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏப்ரல் 30-லிருந்து அந்த அறைப் பக்கமே போக மாட்டேன். ஒன்றாம் தேதி காலை பதினொன்றரை பஸ்.

ஒன்றாம் தேதி பதினொரு மணிக்கு எனக்கும் போன் செய். மற்றவர்களிடம் கேட்கிற அத்தனையும் என்னிடமும் கேள். ஒன்றைக்கூட விடாதே.

தம்பி


ஏப்ரல் 23

தம்பிக்கு,

ஒன்றாம் தேதி மத்தியானத்துக்கு மேல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினான்கு போனையும் பேசி முடித்துவிட்டுக் கிளம்பினால் ஒரு மணிக்கு வீட்டில் இருப்பேன். உன் பஸ் ஐந்தரைக்குத்தான் வரும் என்பது தெரியும். இருந்தாலும் லீவு லீவுதான்.

நீ எத்தனை மணிக்கு வந்தாலும் கதவைத் திறக்க ஆள் இருக்கும். மண் சரிந்தால் மறுநாள் வரைக்கும்கூட இருப்பேன். ஆனால் சரிய வேண்டாம்.

போர்வை எடுத்து வராதே, இங்கே இருக்கிறது. பழைய மருந்துச் சீட்டெல்லாம் எடுத்து வா. மாத்திரைக் கேள்வியை டாக்டரிடம் நீயே கேள், என் முகத்தைப் பார்க்காதே.

அக்கா


மே 2, காலை பத்தேகால்
உங்கள் காத்திருப்புக் கூடம்

அக்கா,

முதல் படம் எடுத்துவிட்டார்கள். இரண்டாவது ஊசிக்குக் கூப்பிடும் வரை உட்காரச் சொல்லியிருக்கிறார் கேமராக்காரர். என்னிடம் இப்போது அவர் வாயைத் திறப்பதில்லை, நீ அவ்வளவு பயமுறுத்தி வைத்திருக்கிறாய். உன் அறிவுரைத் தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். நீ இருபது அடி தூரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறாய். கடிதம் எழுதியே பழகிவிட்டது.

நேற்று பதினொரு மணிக்கு நான் பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் டீக்கடை. போன் அடித்தது. "அணு மருத்துவப் பிரிவிலேர்ந்து பேசுறோம். நாளைக்கு உங்களுக்கு ஸ்கேன், வரீங்களா?" என்றாய். உன் ஆபீஸ் குரலைப் போனில் நேற்றுத்தான் முதன்முதலாகக் கேட்டேன். "வரேங்க" என்றேன். "டீ, காபி?" "இல்லீங்க." "ருசி பார்த்தீங்களா? துப்பினாலும் டீதான்." "அந்த ரூம் பக்கமே போகலீங்க." பேனாவின் சத்தம்கூடக் கேட்டது. அப்புறம், "கூட யார் வராங்க?" என்றாய். "எங்க அக்கா இருக்காங்க" என்றேன்.

பேனாவின் சத்தம் நின்றது. "பார்த்து வா" என்று சொல்லிவிட்டு வைத்தாய். பஸ் ஏறியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் பஸ் கிளம்புவதற்கு முன்பே இப்படியா என்று வாந்திப் பையை நீட்டினார்.

தெருமுனையில் திரும்பும்போதே நீ வாசலில் நிற்பது தெரிந்தது. அம்மா போட்ட மாதிரியே நீ வாசலில் போட்டிருந்த நாற்காலியையும் பார்த்தேன். நான் பார்த்ததை நீயும் பார்த்தாய். "கை கால் கழுவு, சாப்பாடு ஆறுது" என்றாய்.

இப்போது இன்னொன்று. கால் மணி நேரத்துக்கு முன்னால் நீலச் சட்டை போட்ட ஒருவர் உன் கண்ணாடியைத் தட்டினார். அவர் மனைவிக்குத் தேதி அடுத்த வாரம் கிடைத்திருக்கிறது, முன்னால் வேண்டும் என்றார். நீ மெதுவாகப் பேசி, காலி இட நோட்டில் பெயர் எழுதினாய். அவர் விடவில்லை. "உங்க வீட்டு ஆளா இருந்தா இப்படித்தான் காக்க வைப்பீங்களா?" என்று கத்தினார். கூடமே திரும்பிப் பார்த்தது. நீ தலையைக் குனிந்து அவர் நம்பரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாய்.

கையில் ஊசிக் குழாயோடு எழுந்து போனேன். "நான்தான் சார் அவங்க வீட்டு ஆள், கூடப் பிறந்த தம்பி. எட்டு வாரம் காத்திருந்தேன்" என்றேன். மனிதர் என்னையும் என் கையையும் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். நீ நிமிர்ந்து, "நோயாளிகள் கவுண்டருக்கு வரக்கூடாது, போய் உட்காருங்க" என்றாய். உட்கார்ந்துவிட்டேன். ஆனால் நீ சிரித்ததைப் பார்த்துவிட்டேன்.

கூப்பிடுகிறார்கள். பயமாக இருக்கிறது. நீ இருக்கிறாய், பரவாயில்லை.

தம்பி


மே 12

தம்பிக்கு,

ரிப்போர்ட் இணைத்திருக்கிறேன். டாக்டர் அன்றைக்கே சொன்னதுதான். இதயத்தின் கீழ்ப்பக்கம் ஒரு சின்ன இடத்துக்கு, வேலை அதிகமாகும்போது ரத்தம் போதவில்லை. சும்மா இருக்கும்போது சரியாகப் போகிறது. அப்படியென்றால் அந்த இடம் செத்துப்போகவில்லை, பசியோடு மட்டும் இருக்கிறது என்றார். இப்போதைக்கு மாத்திரை போதும். ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன். இன்னும் ஒரு வருடம் இப்படியே படி ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அவர் மாத்திரைச் சீட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

மாத்திரையை மறந்துவிடுகிறாய் என்று உன் வீட்டுக்காரி சொல்கிறாள். ஆகவே உன்னை என் பட்டியலில் சேர்த்துவிட்டேன். தினமும் பதினான்கு பேர், இனிமேல் பதினைந்தாவதாக நீ. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து. எடுப்பதும் எடுக்காததும் உன் இஷ்டம்.

நவம்பர் 14-க்கு உன் பெயரை எழுதிவிட்டேன். வரிசைப்படிதான்.

அக்கா


மே 19

அக்காவுக்கு,

மாத்திரை ஆரம்பித்துப் பதினேழு நாள். இன்று காலை நாற்பது கோப்பை வரிசை. டாக்டர் அனுமதித்த அளவு அவ்வளவுதான். முதல் மூன்றும் எனக்கு ஒரே மாதிரி இருந்தன. நாலாவதில் அடியில் லேசாக ஒரு கருகல் தட்டியது. பக்கத்தில் இருந்த டேஸ்டரிடம் காட்டினேன், அவர் இல்லவே இல்லை என்றார். உலர்த்தும் இயந்திரத்தைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார்கள். ஒரு தட்டில் சூடு கூடியிருந்தது. நான் அந்தக் கோப்பையை வைத்துவிட்டு வெளியே வந்தேன். நாக்கு இருக்கிறது, அக்கா. நாளைக்கு எப்படியோ தெரியாது. இன்றைக்கு இருக்கிறது.

இதை முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று ஜீப் பிடித்து வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். ஒரு வாரமாகப் பேசாமல் இருந்த என் வீட்டுக்காரியும் இன்று சிரித்த முகமாக இருக்கிறாள். அவளுக்கும் எனக்கும் இப்போது என்ன சண்டை என்றால்...

போன் அடிக்கிறது. மணி பதினொன்று இருபது. பதினான்கு பேரையும் முடித்துவிட்டாய் போலிருக்கிறது.

எடுக்கிறேன்.